பேயுருவும் பெண்ணுருவும்: நடிகை விஜயநிர்மலாவின் கலைவாழ்வு

பூண்டுலோயாவைச் சார்ந்த தேயிலைத் தோட்டங்களுள் ஒன்று டன்சினன் என்னும் பெயருடையது. அஃது ஸ்கொத்லாந்து நாட்டு மலையொன்றின் பெயர். அம்மலையின்மீது நின்ற கோட்டையே ஷேக்ஸ்பியர் இயற்றிய மக்பெத் நாடகத்தின் இறுதிக் களமாகும். சூனியக்காரியர் மூவரும், கொலையுண்ட நண்பனின் ஆவியும், உறக்கத்தில் நடந்து தன் கைகளைக் கழுவித் துயருறும் அரசியும் அந்நாடகத்தைப் பார்ப்போர் உள்ளத்தில் அச்சத்தை விளைவிப்பர். எனினும், ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கில அரங்கிற் பெண்கள் நடித்தாரல்லர். அரசி வேடத்தையும் இளைஞர்களே பூண்டனர். தமிழ்க் கூத்து மரபும் இதற்கு வேறானதன்று. மலையகத் தோட்டங்களில் வழிவழியாக ஆடப்பட்டு வரும் காமன் கூத்திலே இரதி வேடத்தை ஆடவர் புனைவதே பழைய வழக்கம்.

ஆகவே, அச்சந்தரும் பெண் என்னும் உருவம் நெடுங்காலம் ஆடவர் எழுதி, ஆடவர் நடித்த உருவமாகவே இருந்துவந்தது. சினிமா என்னும் கலை தோன்றிய பின்னரே பெண்ணொருத்தி தன் முகத்தோடும் உடலோடும் பேயாகத் தோன்றும் நிலை பரவலாயிற்று. அங்ஙனம் தோன்றியவள் பெற்றது யாது, இழந்தது யாது என்னும் வினாவுக்கு விடை காண்பதற்குத் தென்னிந்திய நடிகை விஜயநிர்மலாவின் வாழ்வு சிறந்ததொரு சான்றாகும்.

நீலியும் அம்மையும்

தமிழர்க்குப் பேய் புதிதன்று. முதற் குலோத்துங்கன் காலத்திற் சயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியிலே காளியைச் சூழ்ந்து நிற்கும் பேய்கள் பசியால் வாடுகின்றன. போர்க்களத்திற் கூழ் அட்டு உண்டு மகிழ்கின்றன. அவை கற்போர்க்கு அச்சத்தினும் நகையையே மிகுதியாகத் தருவன.

அச்சத்துக்குரிய பெண்பேயைக் காணவேண்டின் பழையனூர் நீலியின் கதைக்குச் செல்லல் வேண்டும். கணவனாற் கொலையுண்ட பெண் பழிவாங்கும் பொருட்டு மீண்டு வருகிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அவன் மனைவியென்று சபையில் வழக்குரைக்கிறாள். அவள் சொல்லை நம்பி அவனை அவளோடு அனுப்பிய வேளாளர் எழுபதின்மர், அவன் மாண்டமை அறிந்து, தாம் கொடுத்த வாக்கின்படி தீயிற் பாய்ந்து உயிர் துறந்தனர் என்பது கதை. நாஞ்சில் நாட்டிலும் மலையாள நாட்டிலும் வழங்கும் கள்ளியங்காட்டு நீலி கதையும், வெள்ளுடை உடுத்து வழிப்போக்கரிடம் சுண்ணாம்பு கேட்கும் யட்சி கதைகளும் இவ்வினத்தைச் சார்ந்தவையே. உயிரோடிருந்தபோது கேட்கப்படாத பெண்ணின் முறையீடு, இறந்தபின் பேயுருக் கொண்டு வருகின்றது என்பதே இவற்றின் உட்பொருள்.

பழையனூரை அடுத்ததே திருவாலங்காடு. சைவ உலகம் போற்றும் காரைக்காலம்மையார் வாழ்ந்து பாடிய தலம் அது. அம்மையார், கணவனுக்கென்று தாங்கிய அழகிய உடலை உதறிவிட்டு, பேய்வடிவை இறைவனிடம் தாமே வேண்டிப் பெற்றவர். கயிலையைத் தலையால் நடந்து ஏறியவர். இறைவனால் அம்மையெனவே அழைக்கப்பெற்றவர். நீலியின்மீது பேயுருவைச் சுமத்தியது ஆடவன் செய்த கொடுமை. அம்மையாரோ அதனைத் தாமே தேர்ந்துகொண்டார். நீலியின் கதையைப் பிறர் கூறினர். அம்மையாரோ தம் அனுபவத்தைத் தம் வாக்காலேயே பாடினார். அடுத்தடுத்த இவ்விரு தலங்களும் காட்டும் வேறுபாடு, பேய்ப்படங்களில் நடித்த பெண்களின் வரலாற்றை அறிதற்கும் அளவுகோலாக அமைகின்றது.

பெயரிழந்த முகங்கள்

மேலைநாட்டு அச்சப் படங்களுக்குப் பெருந்துணையாய் அமைந்த பிராங்கன்ஸ்டைன் என்னும் கதையை எழுதியவர் மேரி ஷெல்லி என்னும் இளம்பெண். 1818ஆம் ஆண்டில் அந்நூல் முதன்முதல் வெளிவந்தபோது அதில் ஆசிரியர் பெயர் இடம்பெறவில்லை. 1935இல் ஜேம்ஸ் வேல் இயக்கிய பிராங்கன்ஸ்டைனின் மணமகள் என்னும் படத்தில் எல்சா லாஞ்செஸ்டர் என்னும் நடிகை இரு வேடங்களைத் தாங்கினார். ஒன்று நூலாசிரியையாகிய மேரி ஷெல்லி. மற்றையது பிணங்களின் உறுப்புக்களாற் படைக்கப்பட்ட மணமகள். அம்மணமகள் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அலறலும் சீறலுமே அவள் மொழி. படத்தின் தொடக்கத்தில் நடிகர் பெயர்ப் பட்டியலில் அவ்வேடத்துக்கு நேரே வினாக்குறியொன்று மட்டுமே இடப்பட்டிருந்தது. ஒரே பெண் ஆசிரியையாகத் தோன்றும்போது பெயரும் பேச்சும் உடையவளாகவும், பேயாகத் தோன்றும்போது அவ்விரண்டும் இல்லாதவளாகவும் ஆயினமை கருதத்தக்கது.

இந்தியாவிலும் இதனையொத்த நிகழ்ச்சியொன்று உண்டு. 1949இல் பம்பாய் டாக்கீஸ் நிறுவனத்துக்காகக் கமால் அம்ரோஹி இயக்கிய மஹல் என்னும் இந்திப் படம், பாழடைந்த மாளிகையில் ஊசலாடியும் படகில் மிதந்தும் பாடித்திரியும் பெண்ணொருத்தியைப் பற்றியது. அவ்வேடத்தைப் பூண்ட மதுபாலா அப்போது பதினாறு வயதினர். பாடிய குரல் லதா மங்கேஷ்கருடையது. ஆயினும் அப்பாடலின் இசைத்தட்டில் முதலிற் பொறிக்கப்பட்ட பெயர் லதாவினுடையதன்று. காமினி என்னும் கதைப் பாத்திரத்தின் பெயரே. முகம் ஒருத்தியுடையது, குரல் மற்றொருத்தியுடையது, பெயர் மட்டும் பேயினுடையது. பாடியவர் யாவர் என்று நேயர்கள் வினவிய பின்னரே லதாவின் பெயர் நாடறிந்ததாயிற்று. படத்தின் முடிவிலோ பேய் எனப்பட்டவள் தோட்டக்காரனின் மகள் என்பது வெளிப்படுகின்றது.

மஹல் வகுத்த வழியிலேயே பின்வந்த பல படங்களும் சென்றன. 1964இல் ராஜ் கோஸ்லா இயக்கத்திற் சாதனா நடித்த வோ கௌன் தீ என்னும் படமும், 1966இல் அதனைத் தழுவித் தமிழில் ஜெயலலிதா நடித்து வெளிவந்த யார் நீ என்னும் படமும் பேயை மனிதச் சூழ்ச்சியென விளக்கி முடிவன. 1963இல் ஸ்ரீதர் இயக்கிய நெஞ்சம் மறப்பதில்லை என்னும் படத்தில் தேவிகா முற்பிறவியின் சுமையைத் தாங்கிய பெண்ணாக நடித்தார். அப்படத்தின் ஒளிப்பதிவாளர் ஏ. வின்சென்ட். அவர் அடுத்த ஆண்டே மலையாளத்தில் தம் முதற் படத்தை இயக்கினார். அதன் நாயகியே விஜயநிர்மலா.

இளமையும் திரையுலகப் புகுமுகமும்

விஜயநிர்மலா தமிழ்நாட்டிற் குடியேறியிருந்த தெலுங்குக் குடும்பமொன்றிற் பிறந்தவர். நிர்மலா என்பதே அவருடைய பெயர். விஜயா என்னும் முற்பெயர் பின்னர்ச் சேர்ந்தது. 1950இல் பி. புல்லையா இயக்கிய மச்சரேகை என்னும் தமிழ்ப் படத்திற் குழந்தையாகத் தோன்றினார். 1957இல் வெளிவந்த பாண்டுரங்க மகாத்மியம் என்னும் தெலுங்குப் படத்திலும் சிறுவயதிலேயே இடம்பெற்றார். குழந்தை நட்சத்திரமாக வந்தவர்களுட் பலர் வளர்ந்தபின் மறக்கப்படுவது திரையுலகின் இயல்பு. அவ்வாறு மறையாமல் அவரை நாயகி நிலைக்கு உயர்த்தியது 1964இல் வெளிவந்த பார்கவி நிலையம் என்னும் மலையாளப் படமாகும்.

பார்கவி நிலையம்

பார்கவி நிலையத்தின் கதையும் உரையாடலும் வைக்கம் முகம்மது பஷீர் எழுதியவை. நீலவெளிச்சம் என்னும் தம் சிறுகதையை அவரே விரித்துத் திரைக்கேற்ப அமைத்தார். இசை எம். எஸ். பாபுராஜ், பாடல்கள் பி. பாஸ்கரன். மது, பிரேம் நசீர், பி. ஜே. ஆன்டனி ஆகியோர் உடன் நடித்தனர். மலையாளத்தின் முதற் பேய்ப்படம் என்று அதனைக் கூறுவர்.

எழுத்தாளன் ஒருவன் ஊரார் அஞ்சி ஒதுக்கிய பழைய வீடொன்றில் வாடகைக்குக் குடிபுகுகிறான். கிணற்றில் விழுந்து மாண்ட பார்கவி என்னும் இளம்பெண்ணின் ஆவி அங்கு உலவுவதாகக் கேள்வியுறுகிறான். ஊரார் செய்தவாறு அவன் ஓடினானல்லன், மந்திரவாதியை அழைத்தானுமல்லன். கண்ணுக்குப் புலனாகாத அப்பெண்ணோடு நாள்தோறும் பேசத் தொடங்குகிறான். படத்தின் முற்பகுதியில் நெடுநேரம் மது என்னும் நடிகர் தனித்து நின்று, மறுமொழி பெறாமலே, அவளை நோக்கிப் பேசிக்கொண்டிருக்கிறார். மெல்ல மெல்ல அவள் வரலாறு வெளிப்படுகின்றது. அவள் காதலனாகிய கலைஞனை நஞ்சிட்டுக் கொன்றவனும், அவளைக் கிணற்றில் தள்ளியவனும் அவளுடைய உறவினனே. தற்கொலை என ஊரார் நம்பியது கொலையேயென எழுத்தாளன் எழுதுகிறான். கொலையாளி அவனையும் கொல்ல வந்து, முடிவில் தானே அக்கிணற்றில் வீழ்ந்து மடிகிறான்.

இக்கதையிற் பேய்க்கு வேண்டியது பழியன்று. தன் கதை மெய்யாக எழுதப்படல் வேண்டும் என்பதே. நீலியின் கதைமரபிலிருந்து பஷீர் விலகிய இடம் இதுவாகும். நீலியின் பொய்வழக்கை நம்பிய சபையோர் உயிரிழந்தனர். பார்கவியின் மெய்வழக்கையோ ஒருவனும் கேட்டிலன். கேட்ட ஒருவன் அதனை எழுத்தாக்குகிறான்.

விஜயநிர்மலாவுக்கு இப்படம் இரட்டைப் பணியைத் தந்தது. முன்கதையில் அவர் பாடலும் ஆடலும் காதலும் நிறைந்த இளம்பெண். பின்கதையில் வெள்ளுடை அணிந்து நிழலோடு நிழலாய் நகரும் ஆவி. பேய் வேடத்துக்குரிய கோரப்பற்களும் குருதி வழியும் வாயும் அவருக்கு அளிக்கப்படவில்லை. கறுப்பு வெள்ளைப் படமாகிய அதில், ஒளியும் நிழலும் கொண்டே அச்சம் ஊட்டப்பட்டது. ஒளிப்பதிவில் தேர்ந்த வின்சென்ட் இயக்கியமையின் பயன் அது. நடிகையின் பணி, அவ்வொளியின் நடுவே அசைவைக் குறைத்து, பார்வையாற் பேசுவது. அஞ்சத் தொடங்கிய அவையினர் முடிவில் அவளுக்காக இரங்கும்படி செய்தமையே அவ்வேடத்தின் வெற்றி. வெண்சேலையும் விரித்த கூந்தலும் பிற்கால மலையாளப் பேய்ப்படங்களிற் பெண்பேயின் நிலையான அடையாளமாகியதற்கு இப்படம் பெரிதும் காரணமாயிற்று.

எஸ். ஜானகி அவருக்காகப் பாடினார். ஆயினும் மஹல் போலன்றி, பாடகியின் பெயரும் நடிகையின் பெயரும் இங்கு மறையவில்லை. திரையுலகம் பதினைந்து ஆண்டுகளில் அடைந்த மாற்றத்தை இதனால் அறியலாம்.

பேய்வேடத்தினின்று நீங்குதல்

அச்சப் படத்தாற் புகழ்பெறும் நடிகைக்கு ஓர் இடர் உண்டு. அவையோர் அவரை அவ்வேடத்திலேயே காண விரும்புவர். படம் எடுப்போரும் அதனையே மீண்டும் மீண்டும் அளிப்பர். 1960இல் மாரியோ பாவா இயக்கிய இத்தாலியப் படமொன்றிற் சூனியக்காரியாகவும் இளவரசியாகவும் நடித்த பார்பரா ஸ்டீல் என்னும் ஆங்கில நடிகை, பின்னர் அவ்வகைப் படங்களின் அரசியெனவே வழங்கப்பெற்று, அப்பெயரின் சிறையினின்று எளிதில் விடுபட இயலாதவரானார்.

விஜயநிர்மலா அச்சிறைக்குட் புகவில்லை. 1965இல் விஜயா நிறுவனத்தார் தயாரித்த எங்க வீட்டுப் பெண் என்னும் தமிழ்ப் படத்தில் இல்லறப் பெண்ணாக நடித்தார். 1966இல் பி. என். ரெட்டி இயக்கிய ரங்குல ராட்னம் என்னும் படத்தாற் தெலுங்கில் நாயகியானார். 1968இல் கே. எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கிய பணமா பாசமா என்னும் படத்தில் இலந்தைப் பழம் விற்கும் பெண்ணாக ஆடிய ஆட்டமும், அதற்கு எல். ஆர். ஈஸ்வரி அளித்த குரலும் தமிழ் வழங்கும் இடமெங்கும் பரவின. பார்கவியின் வெண்சேலையைக் கண்ட கண்களுக்கு, கூடையேந்திய இந்தத் துடுக்குப் பெண் அவரேயென நம்புதல் அரிது. மும்மொழிகளிலும் இருநூறுக்கும் மேற்பட்ட படங்களில் அவர் நடித்தார் எனக் கணிப்பர்.

1967இல் பாபு இயக்கிய சாட்சி என்னும் தெலுங்குப் படத்தில் அவரோடு நடித்தவர் கிருஷ்ணா. இருவரும் பின்னர் மணந்துகொண்டனர். இருவருக்கும் அது மறுமணம். விஜயநிர்மலாவின் முதல் மணத்திற் பிறந்த மகனாகிய நரேஷும் நடிகரானார்.

இயக்குநர் நாற்காலி

விஜயநிர்மலாவின் வாழ்வில் வரலாற்றாசிரியர் பெரிதும் போற்றவேண்டிய பகுதி 1973இல் தொடங்குகின்றது. அவ்வாண்டு மலையாளத்திற் கவிதா என்னும் படத்தை அவரே இயக்கினார். நடிகையாக அவரை நிலைநாட்டிய மொழியிலேயே இயக்குநராகவும் அவர் தோன்றியமை பொருத்தமானது. அதே ஆண்டில், யத்தனபூடி சுலோசனாராணி என்னும் பெண் எழுத்தாளரின் நாவலைத் தழுவி மீனா என்னும் தெலுங்குப் படத்தையும் இயக்கினார். பெண் எழுதிய கதையைப் பெண் இயக்கி, நாயகியாகவும் நடித்த நிகழ்ச்சி தெலுங்குத் திரையில் அரிதினும் அரிது. 1974இல் தேவதாஸ் கதையைப் புதிதாக எடுத்தார். 1953இல் வந்த பழைய தேவதாசை மக்கள் மறவாமையால் அம்முயற்சி வெற்றிபெறவில்லை. எனினும் அவர் ஓய்ந்தாரல்லர். 1983இல் வெளிவந்த பெஜவாட பெப்புலி என்னும் படத்திற் சிவாஜி கணேசனையும் கிருஷ்ணாவையும் ஒருங்கே இயக்கினார்.

பெண்கள் படம் இயக்குதல் தென்னிந்தியாவுக்கு முற்றிலும் புதிதன்று. தமிழின் முதற் பேசும்பட நாயகியாகிய டி. பி. ராஜலட்சுமி 1936இல் மிஸ் கமலா என்னும் படத்தை இயக்கினார். பி. பானுமதி 1953இற் சண்டிராணியை மும்மொழிகளில் இயக்கினார். ஆயின், அவர்களின் முயற்சி சில படங்களின் அளவில் நின்றது. விஜயநிர்மலாவோ நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களை இயக்கி, உலகில் மிகுதியான படங்களை இயக்கிய பெண்மணியெனக் கின்னஸ் நூலில் 2002இல் இடம்பெற்றார். ஆந்திர அரசின் ரகுபதி வெங்கையா விருது 2008ஆம் ஆண்டுக்கு அவருக்கு வழங்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் ஐதராபாத்தில் அவர் காலமானார்.

அவர் இயக்கிய படங்களுட் பல வணிக நோக்குடையன என்றும், கலைத்தரத்திற் பார்கவி நிலையத்தோடு ஒப்பிடத்தக்கன அல்லவென்றும் கூறுவோர் உளர். அக்கூற்று ஓரளவு உண்மையே. ஆனால், வணிகப் படத்தை ஆடவர் இயக்கின் அது தொழிலென்றும், பெண் இயக்கின் அது குறையென்றும் கொள்ளுதல் நடுநிலையாகாது. படப்பிடிப்புத் தளத்தில் நூற்றுக்கணக்கான ஆடவரை ஏவி, செலவுக்குப் பொறுப்பேற்று, குறித்த நாளிற் படத்தை முடித்துக் கொடுக்கும் ஆற்றல் பெண்ணுக்கு உண்டு என்பதை நாற்பது முறைக்கு மேல் மெய்ப்பித்தமையே அவர் செய்த பணி.

பின்வந்தோர்

பேய்ப்படத்தின் ஆட்சியையும் பெண்ணொருத்தி கைக்கொண்டாள் என்பதற்குச் சான்று 1976இல் வந்த யட்சகானம் என்னும் மலையாளப் படம். அதனை இயக்கியும் நடித்தும் அளித்தவர் ஷீலா. அக்கதையே 1978இல் துரை இயக்கத்தில் ஆயிரம் ஜென்மங்கள் என்னும் பெயரோடு தமிழுக்கு வந்தது.

1993இல் பாசில் இயக்கிய மணிச்சித்திரத்தாழ் என்னும் மலையாளப் படத்திற் பேயெனத் தோன்றுவது உள்ளத்தின் நோயேயென விளக்கப்பட்டது. அதில் நடித்த ஷோபனா இந்திய அரசின் சிறந்த நடிகை விருதைப் பெற்றார். அச்சப் படத்து வேடம் கீழானது என்னும் எண்ணத்தை அவ்விருது மாற்றியது. அப்படத்தில் வரும் நாகவல்லி தஞ்சையைச் சேர்ந்த நடனமாது, தமிழே பேசுவாள். 2005இல் அதே கதை சந்திரமுகி எனத் தமிழில் வந்தபோது, ஜோதிகா நடித்த அவ்வேடம் தெலுங்கு பேசும் நடனமாதாக மாறிற்று. மலையாளிக்குத் தமிழச்சியும், தமிழனுக்குத் தெலுங்கச்சியும் பேயாகத் தோன்றுவதிலிருந்து, அச்சத்தை அயலாள்மீது ஏற்றுதல் மனித இயல்பு என்பது புலனாகும். நாகவல்லியின் தமிழ்க்குரலை அளித்தவர் துர்க்கா என்னும் தமிழ்க் கலைஞர் என்பது பல்லாண்டுகள் கழித்தே பொதுமக்களுக்குத் தெரியவந்தது. மஹல் இசைத்தட்டின் கதை முற்றாக முடியவில்லை என்பதற்கு இதுவே சான்று.

2023இல் பார்கவி நிலையம் நீலவெளிச்சம் என்னும் பெயரோடு ஆஷிக் அபு இயக்கத்தில் மீண்டும் எடுக்கப்பட்டது. பார்கவியாக ரீமா கல்லிங்கல் நடித்தார். ஐம்பத்தொன்பது ஆண்டுகளின் பின்னும் அவ்வுருவம் அழியவில்லை.

மலைநாட்டுச் சான்று

இவ்வினாக்கள் இலங்கை மலைநாட்டுக்குத் தொலைவானவை அல்ல. பூண்டுலோயாவுக்கு அணித்தான இறம்பொடையில் 1923இல் கொழும்புச் செட்டிக் குடும்பமொன்றில் டெய்சி ராசம்மா டானியல்ஸ் என்னும் பெண்குழந்தை பிறந்தது. அக்குழந்தையே பிற்காலத்தில் ருக்மணி தேவி என்னும் பெயரோடு சிங்களத் திரையின் முதல் நாயகியானார். எஸ். எம். நாயகம் என்னும் தமிழர் தயாரித்து, 1947ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் திரையிடப்பட்ட முதற் சிங்களப் பேசும்படமாகிய கடவுனு பொரொந்துவவில் அவர் நடித்தார். அவர் நடித்தவை பேய்ப்படங்களல்ல. எனினும், பெண்ணின் முகம், குரல், பெயர் என்னும் மூன்றையும் பற்றிய ஆராய்ச்சியில் அவருக்கு இடமுண்டு. நடித்த முகமும் பாடிய குரலும் அவருடையனவே. இசைத்தட்டுக்களால் அக்குரல் நாடெங்கும் சென்றது. மாறியது பெயரொன்றே. 1978ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் மோட்டார் விபத்தில் அவர் மறைந்தார். தேயிலை மலைகளிற் பிறந்த பெண் ஒருத்தி இலங்கைத் திரையின் தொடக்கத்தில் நிற்கிறாள் என்பதை மலையகப் பாடசாலை மாணவர் அறிந்திருத்தல் நன்று.

முடிவுரை

பேய் வேடம் பூண்ட பெண்கள் முகத்தைக் கொடுத்துப் பெயரை இழந்த காலம் ஒன்று இருந்தது. எல்சா லாஞ்செஸ்டருக்கு நேரே இடப்பட்ட வினாக்குறியும், லதாவின் இசைத்தட்டிற் பொறித்த காமினியும் அக்காலத்தின் சின்னங்கள். விஜயநிர்மலா அந்நிலையிலிருந்து ஒரு படி கடந்தவர். கதையில் வரும் பார்கவி தன் வரலாற்றை எழுதுவதற்கு வாடகைக்கு வந்த எழுத்தாளன் ஒருவனை நம்பியிருந்தாள். அவ்வேடத்தை நடித்தவரோ ஒன்பதே ஆண்டுகளில், யாரையும் நம்பியிராது, கதை சொல்லும் உரிமையைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். நீலியாகத் தொடங்கி, தம் வாக்காலே பாடிய அம்மையாரின் வழியை அவர் நாடினார் என்று கூறின் அது மிகையாகாது.

மலையகத்தில் முனியும் மாடனும், தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்தைக் காக்கும் ரோதமுனியும் இன்றும் வழிபடப்படுகின்றனர். பெண்ணாவிகளைப் பற்றிய கதைகளும் தோட்டங்களில் வழங்குகின்றன. அவை ஒவ்வொன்றின் பின்னாலும் கேட்கப்படாத முறையீடொன்று இருத்தல் கூடும். அக்கதைகளைக் கேட்டு அஞ்சுவதோடு நில்லாமல், சொல்லும் முதியோர் வாழும்போதே அவற்றைத் திரட்டி எழுதி வைப்பது கற்ற இளைஞரின், சிறப்பாகக் கற்ற பெண்களின், கடமையாகும்.